கேள்வி என்னும் கல்வி
(பல்கலைக்கழக உயிரியல் ஆய்வுக் கருத்தரங்குகளைப் பற்றிய கட்டுரை)



நம் தாய்மொழியில் ‘கேள்’ என்னும் சிறு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. “ஆசிரியை சொல்வதைக் கேள்” என்றால் செவிகொடு என்று பொருள். “புரியாததைக் கேள்” என்றால் வினவு என்று பொருள். அவ்வாறே ‘கேள்வி’ என்பது காதால் கற்கும் அறிவையும் குறிக்கும். வாயால் தொடுக்கும் வினாவையும் குறிக்கும். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததை நாம் அறிவோம். நன்றாகச் செவிகொடுப்பவரே நன்றாக வினவ முடியும். வினவும் எண்ணத்தோடு அமர்பவரே ஊன்றிச் செவிகொடுப்பர். ஆகையால் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது எத்துணைப் பொருத்தம்!

இந்த இரண்டு செயல்களும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆய்வுக் கருத்தரங்கே அது. உங்களில் சிலர் பள்ளியிறுதிக்குப் பின் தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல் முதலிய துறைகளைத் தேர்ந்தெடுப்பீர்கள். அங்கே பாட நூலும் தேர்வும் மட்டுமன்றிக் கருத்தரங்கு என்னும் புதிய பள்ளியறையும் உங்களுக்காகக் காத்திருக்கும். அது எப்படி நடைபெறும், அதனால் விளையும் பயன் யாது, அதில் நாம் தவறினால் நேரும் இழப்பு யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாற்றங்கால்

கருத்தரங்கை ஆங்கிலத்தில் ‘செமினார்’ என்பர். இது இலத்தீன் மொழியில் நாற்றங்காலைக் குறிக்கும் ‘செமினாரியும்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. விதையைக் குறிக்கும் சொல்லே அதற்கு வேர். குருத்துவப் பயிற்சி பெறும் இல்லத்தைச் ‘செமினரி’ என்று அழைப்பதும் இதே வேரிலிருந்துதான். நாற்றங்காலில் நெல் விளைவதில்லை, நாற்றுத்தான் வளர்கிறது. அதனைப் பறித்து வயலில் நட்ட பிறகே கதிர் வருகிறது. அதுபோலக் கருத்தரங்கில் முழுமையாக முடிந்த அறிவு வழங்கப்படுவதில்லை. இன்னும் முற்றாத, இளம் கருத்துகள் அங்கே வைக்கப்படுகின்றன. பலர் அவற்றைப் பார்த்து, களை எது, பயிர் எது என்று சொல்கின்றனர்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இம்முறை வேரூன்றியது. பேராசிரியர் ஒருவரே பேச, மாணவர் எழுதிக்கொள்வதே அதுவரை பெருவழக்கு. மாணவரும் தாம் ஆராய்ந்ததை எடுத்துரைக்க, மற்றவர் அதை வினவி ஆராயும் முறையைச் செமினார் கொணர்ந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவி, அறிவியல் துறைகளிலும் இடம்பெற்றது.

கருத்தரங்கு நடைபெறும் முறை

உயிரியல் துறைகள் பலவற்றில் வாரத்தில் ஒருநாள், குறிப்பிட்ட நேரத்தில், கருத்தரங்கு நடைபெறும். பேசுபவர் பெயரும் தலைப்பும் சில நாள்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குறித்த நேரத்தில் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், முதுகலை மாணவர்கள் யாவரும் கூடுவர். தலைவர் ஒருவர் பேச்சாளரைச் சில சொற்களில் அறிமுகம் செய்வார். பேச்சு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். படங்களும் வரைபடங்களும் திரையில் காட்டப்படும். முற்காலத்தில் கண்ணாடி வில்லைகளைக் கொண்டு காட்டியவற்றை இக்காலத்தில் கணிப்பொறியைக் கொண்டு காட்டுகின்றனர். பேச்சு முடிந்ததும் வினா நேரம். பிறகு தேநீர். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் மூவராக நின்று பேசுவதும் கருத்தரங்கின் ஒரு பகுதியே ஆகும்.

இக்கருத்தரங்குகள் பல வகைப்படும். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அறிஞர் ஒருவர் வந்து தம் ஆய்வை விளக்குவது ஒரு வகை. துறையிலுள்ள ஆராய்ச்சி மாணவர் தம் பணி எவ்வளவு முன்னேறியுள்ளது என்று கூறுவது மற்றொரு வகை. புதிதாக ஓர் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையை மாணவர் ஒருவர் படித்து வந்து, அதன் நிறைகுறைகளை எடுத்துரைப்பது மூன்றாவது வகை. முனைவர் பட்டத்திற்காக ஆய்வேடு எழுதியவர் பலர் முன்னிலையில் நின்று வினாக்களுக்கு விடையளிப்பது நான்காவது வகை.

ஆய்வைத்தான் இதழில் அச்சிடுகிறார்களே, பிறகு கூட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அச்சிட்ட கட்டுரையில் முடிந்த முடிவுகளே இருக்கும். நேற்று நடந்த சோதனை, இன்னும் விளங்காத புதிர், தோற்றுப்போன முயற்சி ஆகியவை பேச்சில்தான் வெளிப்படும். மேலும், அச்சிட்ட தாளிடம் நாம் வினா தொடுக்க முடியாது. எதிரே நிற்பவரிடம் தொடுக்கலாம். தவறு அச்சேறி ஊரெங்கும் பரவுவதற்கு முன், ஓர் அறைக்குள்ளேயே அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைக் கருத்தரங்கு அளிக்கிறது.

1951 நவம்பர் 21

உயிரியல் வரலாற்றில் நினைவுகூரத்தக்க கருத்தரங்கு ஒன்றை இனிக் காண்போம். அது நடைபெற்றது இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ் கல்லூரியில். நாள் 1951 நவம்பர் 21. கூடியிருந்தவர்கள் சுமார் 15 பேர். பேசியவர்களுள் ஒருவர் 31 வயதான ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண்மணி.

பிராங்க்ளின் 1920 ஜூலை 25ஆம் நாள் இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். புனித பவுல் பெண்கள் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹம் பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்றவர். போர்க்காலத்தில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ் நகரில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை அறியும் கலையில் தேர்ந்தார். 1951 ஜனவரியில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து, ரேமண்ட் காஸ்லிங் என்னும் மாணவருடன் டி.என்.ஏ.யை ஆராயத் தொடங்கினார்.

டி.என்.ஏ. என்பது உயிரணுக்களில் உள்ள ஒரு நெடிய மூலக்கூறு. தாயின் கண்ணும் தந்தையின் நிறமும் பிள்ளைக்கு வருவதற்குக் காரணமான செய்தி அதில்தான் அடங்கியுள்ளது. ஆனால் அதன் வடிவம் யாது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. டி.என்.ஏ. இழை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், கதிர்கள் சிதறிப் பின்னாலுள்ள படச்சுருளில் புள்ளிகளாகப் பதியும். அந்தப் புள்ளிகளின் இடைவெளியையும் கருமையையும் அளந்து, மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிட வேண்டும். சுவரில் விழும் நிழலைப் பார்த்துப் பொருளின் உருவத்தைக் கண்டறிவது போன்ற கடினமான வேலை அது!

பிராங்க்ளின் முதலில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தினார். உப்புக் கரைசல்களின் வழியே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, இழையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை வேண்டிய அளவில் நிறுத்தினார். உலர்ந்த நிலையில் டி.என்.ஏ. ஒரு வடிவத்தில் இருந்தது. ஈரம் மிகுந்தபோது இழை நீண்டு, வேறொரு வடிவம் கொண்டது. முன்னதை ‘ஏ’ வடிவம் என்றும் பின்னதை ‘பி’ வடிவம் என்றும் வழங்கினர். இரண்டும் கலந்த நிலையில் முன்பு எடுத்த படங்கள் ஏன் குழப்பமாக இருந்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. நீர் எளிதாக உள்ளே புகுந்து வெளியேறுவதால், நீரை விரும்பும் பாஸ்பேட் தொகுதிகள் மூலக்கூறின் வெளிப்புறத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். பல இழைகள் சேர்ந்த சுருள் வடிவமாக அது இருக்கக்கூடும் என்றும் எண்ணினார். அன்றைய பேச்சுக்காக அவர் கைப்பட எழுதிய குறிப்புகளில் இவை யாவும் காணப்படுகின்றன.

கேட்டவர் இழந்தது

அந்த அறையில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஓர் அமெரிக்க இளைஞரும் அமர்ந்திருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் வாட்சன், வயது 23. டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்னும் பேரார்வம் கொண்டவர். எனினும் எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கு அவர் புதியவர். அன்று அவர் குறிப்பேடு எதிலும் குறித்துக்கொள்ளவில்லை. 1968இல் தாம் எழுதிய ‘இரட்டைச் சுருள்’ என்னும் நூலில் இதனை அவரே ஒப்புக்கொள்கிறார். அதுமட்டுமன்று. பேசிக்கொண்டிருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைமுடியையும் வேறு விதமாக அமைத்துக்கொண்டால் எப்படித் தோன்றுவார் என்று தம் எண்ணம் ஒரு கணம் திரும்பியதாகவும் எழுதியுள்ளார். மேடையில் நின்றவர் பல மாத உழைப்பின் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருக்க, கேட்பவர் மனம் கூந்தலைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தது!

வினா நேரமும் விரைவிலேயே முடிந்துவிட்டது என்று அந்நூல் கூறுகிறது. நுட்பம் பற்றிய சில வினாக்களுக்குப் பின் கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை, வாட்சன் தம் நண்பர் பிரான்சிஸ் கிரிக் என்பவருடன் இரயிலில் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். டோரதி ஹாட்ஜ்கின் என்னும் புகழ்பெற்ற பெண் விஞ்ஞானியைக் காண்பதற்காக அவர்கள் சென்றனர். (அவர் 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.) வழியில் கிரிக், முதல் நாள் பேச்சில் கூறப்பட்ட அளவுகள் யாவை என்று வினவினார். வாட்சன் நினைவிலிருந்து சொன்னார். டி.என்.ஏ.யில் உள்ள நீரின் அளவை அவர் மிகவும் குறைத்துச் சொல்லிவிட்டார்.

அந்தத் தவறான அளவை நம்பி இருவரும் கேம்பிரிட்ஜில் ஒரு மாதிரி உருவம் கட்டினர். மூன்று இழைகள் உள்ளே பின்னிக்கொண்டிருக்க, பாஸ்பேட் தொகுதிகள் நடுவில் அமைந்தன. அவற்றை உலோக அயனிகள் இணைத்துப் பிடித்துக்கொள்ளும் என்று கொண்டனர். சுமார் ஒரு வாரத்திற்குள் கிங்ஸ் கல்லூரியினர் அதைக் காண அழைக்கப்பட்டனர். பிராங்க்ளின் பார்த்தார். அந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளுமே, அவை எப்படி இழைகளைப் பிடித்து நிறுத்தும் என்று கேட்டார். நீரின் அளவே தவறு என்பது வெளிப்பட்டது. மாதிரி ஒரே நாளில் விழுந்துவிட்டது. ஆய்வுக்கூடத் தலைவர் சர் லாரன்ஸ் பிராக், டி.என்.ஏ. ஆராய்ச்சியைக் கிங்ஸ் கல்லூரியினருக்கே விட்டுவிடுமாறு அவ்விருவருக்கும் கட்டளையிட்டார்.

பாருங்கள், மாணவியரே! இருவரும் கூரிய அறிவு படைத்தவர்களே. அறிவு குறைந்ததால் அவர்கள் தவறவில்லை. ஓர் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளாததால் தவறினர். ஒரு பென்சிலும் ஒரு தாளும் இருந்திருந்தால் அந்த மாதிரியின் கதை வேறாக இருந்திருக்கும்.

அதன் பின் நிகழ்ந்தவை

1952 மே மாதத்தில் பிராங்க்ளினும் காஸ்லிங்கும் ‘பி’ வடிவத்தின் மிகத் தெளிவான படம் ஒன்றை எடுத்தனர். அறுபது மணி நேரத்திற்கும் மேலாக எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த அப்படத்தில் கறுப்புப் புள்ளிகள் சிலுவைக் குறிபோல் குறுக்காக அமைந்திருந்தன. சுருள் வடிவத்தின் அடையாளம் அது. 51ஆம் எண் படம் என்று இன்று உலகம் அதை அறியும். 1953 ஜனவரியில் பிராங்க்ளினுக்குத் தெரியாமல், அவருடன் பணிபுரிந்த மாரிஸ் வில்கின்ஸ் அதனை வாட்சனுக்குக் காட்டினார். கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு அளவுகள் அடங்கிய அறிக்கை ஒன்றும் மாக்ஸ் பெரூட்ஸ் என்பவர் வழியாகக் கேம்பிரிட்ஜ் நண்பர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் மீண்டும் முயன்று, பாஸ்பேட்டை வெளியே வைத்து, இரண்டு இழைகள் கொண்ட சரியான வடிவத்தைக் கண்டனர். 1953 ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. முதலாவது வாட்சன், கிரிக் இருவருடையது. இரண்டாவது வில்கின்ஸ் குழுவினருடையது. மூன்றாவது பிராங்க்ளின், காஸ்லிங் இருவருடையது.

அந்த அறிக்கையைக் கொடுத்தது முறையா என்று பிற்காலத்தில் விவாதம் எழுந்தபோது, பெரூட்ஸ் 1969இல் அதற்கு விடையளித்தார். அறிக்கையிலிருந்த முக்கியமான அளவுகளை வாட்சன் 1951இல் அந்தக் கருத்தரங்கிலேயே கேட்டிருந்தார் என்றும், அன்றே குறித்துக்கொண்டிருந்தால் ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே அவை கிரிக்கின் கைக்கு வந்திருக்கும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். வெளிப்படையாக ஓர் அறையில் கேட்டதைக் குறித்துக்கொண்டு, “இதை இன்னார் சொல்லக் கேட்டோம்” என்று எழுதுவது நேர்வழி. அந்த நேர்வழி தவறியதால், பின்னால் உரியவர் அறியாமலே படமும் அளவும் கைமாறின. எவருடைய உழைப்பு எவ்வளவு என்னும் வழக்கு இன்றளவும் தீரவில்லை.

பிராங்க்ளின் 1953 மார்ச்சில் பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்று, புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸ் கிருமியின் அமைப்பை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றார். 1958 ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிராங்க்ளின் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். வாட்சனும் தம் நூலின் பின்னுரையில், அவரைப் பற்றித் தாம் தொடக்கத்தில் கொண்ட எண்ணங்கள் பல தவறானவை என்று எழுதினார். அதைச் சொல்வதும் நியாயமே. ஆனால் அந்தச் சொற்களைப் படிக்க அவர் உயிரோடு இல்லை.

கேட்பாரற்றுப் போன பேச்சுகள்

பேச்சு சிறப்பாக அமைந்தும் கேட்பவர் பொருளுணராமையால் பயனின்றிப் போன கூட்டங்களும் உண்டு. அகுஸ்தீனார் சபைத் துறவியான கிரெகர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, பண்புகள் தலைமுறைதோறும் எந்தக் கணக்கில் இறங்கி வருகின்றன என்று கண்டார். 1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாள்களில் புரூன் நகரின் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் அதனை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அது அச்சிலும் வந்தது. அந்தக் கணக்கின் முழுப் பொருளையும் அன்று எவரும் உணரவில்லை. 1900இல் வேறு அறிஞர்கள் அதே உண்மையைத் தாமும் கண்டபோதுதான் உலகம் மெண்டலை நினைத்தது. அப்போது அவர் மறைந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிராங்க்ளின் பேசிய அதே 1951ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த கருத்தரங்கில் பார்பரா மக்ளின்டாக் என்னும் பெண்மணி, மக்காச்சோளத்தின் மரபணுக் கூறுகள் சில இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று விளக்கினார். கூடியிருந்தோரில் பெரும்பாலோர்க்கு அது விளங்கவில்லை. அவர் மனந்தளராமல் தம் வயலுக்குத் திரும்பிப் பயிரை ஆராய்ந்தார். 1983இல் தம் 81ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார். கேட்பவர் உடனே தலையசைக்கவில்லை என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது என்பதற்கு இவர் சான்று.

சென்னையில் ஒரு நல்ல வினா

வினாவை நல்ல முறையில் ஏற்றுக்கொண்டால் என்ன விளையும் என்பதற்கு நம் சென்னைப் பல்கலைக்கழகமே எடுத்துக்காட்டு. 1952இல் அங்கு இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அவ்வாண்டில் சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். (பிராங்க்ளின் பின்னர்ச் சென்றது இந்தப் பெர்னாலின் ஆய்வுக்கூடத்திற்கே.) அந்தச் சொல்லை இராமச்சந்திரன் பற்றிக்கொண்டார். கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, அது மூன்று இழைகள் கொண்ட சுருள் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதற்கு மறுப்புக் கூறினர். அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது அவர்கள் கூற்று. இராமச்சந்திரன் சினந்து ஒதுங்கவில்லை. “அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?” என்று அந்த மறுப்பையே புதிய வினாவாக மாற்றிக்கொண்டார். அறிந்த படிகங்களில் உள்ள இடைவெளிகளையெல்லாம் தொகுத்து, இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் உடனுழைப்பாளர்களுடன் கணக்கிட்டார். அதன் விளைவாக 1963இல் வெளிவந்ததே ‘இராமச்சந்திரன் வரைபடம்’. இன்றும் உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். அதே 1963ஆம் ஆண்டு ஜனவரியில் புரதங்களின் அமைப்பைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றும் சென்னையிலேயே நடைபெற்றது. ஒரு மறுப்பு நிலையான ஒரு கருவியைப் பெற்றுத் தந்தது அன்றோ!

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து மாணவியர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

1. முன்னதாகவே தலைப்பை அறிந்துகொண்டு சிறிது படித்துவிட்டுச் செல்லுங்கள். ஒன்றுமே தெரியாமல் அமர்ந்தால் பேச்சு ஓசையாகவே செல்லும்.

2. குறிப்பேடும் பென்சிலும் இன்றிப் போகாதீர்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டுவதில்லை. எண்கள், அவற்றின் அலகுகள், புதிய பெயர்கள் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். கருத்து நினைவில் நிற்கும், எண் நிற்காது.

3. பேசுபவரின் உடை, குரல், தோற்றம் ஆகியவற்றை அளப்பதை விடுத்து, அவர் கூறும் சான்றை அளந்து பாருங்கள். “இது எப்படித் தெரிந்தது?” என்பதே எப்போதும் நல்ல வினா.

4. புரியவில்லை என்றால் எழுந்து நின்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாதது பக்கத்தில் இருப்பவளுக்கும் புரியாமல் இருக்கலாம். உங்கள் ஒரு வினாவால் இருவர் தெளிவு பெறுவர்.

5. வினா சுருக்கமாக இருக்கட்டும். தம் புலமையைக் காட்டவும் பிறரை நாணச் செய்யவும் வினவுவது பண்பன்று. கருத்தை மறுக்கலாம், ஆளை இகழலாகாது.

6. நீங்கள் பேசும்போது எவரேனும் மறுத்தால் உடனே கண் கலங்காதீர்கள். மறுப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆராயுங்கள். விடை தெரியாவிட்டால் “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்வதில் இழுக்கு எதுவும் இல்லை.

7. பிறரிடம் கேட்டதை எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள். தோழியின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது ஒரு வரியே ஆனாலும், அவளைக் கேட்டு, அவள் பெயரைச் சொல்லி எடுப்பதே நேர்மை.

பல்கலைக்கழகம் செல்லும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பள்ளி அறிவியல் மன்றத்தில் மாதம் ஒருநாள் இதனைச் செய்து பார்க்கலாம். ஒருத்தி பத்து நிமிடம் பேசட்டும். ஊறவைத்த பயறு வெளிச்சத்திலும் இருளிலும் முளைத்த விதமோ, பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியில் வந்தமரும் பூச்சிகளின் எண்ணிக்கையோ, தானே கண்டதாக இருந்தால் போதும். அடுத்த பத்து நிமிடம் மற்றவர் வினவட்டும். இன்னொருத்தி குறிப்பெடுத்து, மறுநாள் பேச்சாளரிடம் காட்டி, “நான் எழுதியது நீ சொன்னதுதானா?” என்று சரிபார்க்கட்டும். அன்று கிங்ஸ் கல்லூரியில் நடவாமற் போனது இந்தச் சிறு செயலே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

“பெண்பிள்ளை எதிர்க்கேள்வி கேட்கலாமா?” என்று சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் முற்றிலும் மறையவில்லை. மரியாதையோடு கேட்கும் கேள்வி வேறு, துடுக்குத்தனம் வேறு. அடுக்களையில் பால் ஏன் பொங்குகிறது, மாவு ஏன் புளிக்கிறது என்று மகள் கேட்கும்போது, “உனக்கு எதற்கு அது?” என்று அடக்கிவிட்டால், பிற்காலத்தில் பெரிய அவையில் அவளுக்கு நா எழாது. விடை தெரியாவிட்டால், “டீச்சரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று அனுப்புங்கள். அதுவே அவளுடைய முதல் கருத்தரங்கு ஆகும்.

பிராங்க்ளினுடைய அவையில் பெண்கள் பேசலாம். ஆனால் அவர் பணியாற்றிய கல்லூரியில் அக்காலத்தில் ஆசிரியர்கள் கூடி உண்டு உரையாடும் அறை ஒன்றில் ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இன்று நம் நாட்டில் உயிரியல் கற்கும் வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே சென்று பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்துவிடாமல், முன்வரிசையில் அமர்ந்து ஊன்றிக் கேட்பதும், எழுந்து நின்று தெளிவாகக் கேட்பதும் இனி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, மாணவியரே, கேளுங்கள். இரண்டு பொருளிலும் கேளுங்கள்!